வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு ஒரு கொலை

லிட்டில் பேடக்ஸ் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு ஒரு கொலை நடைபெறும். நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ளவும். உள்ளூர் வாரப் பத்திரிகையில், நாய்க்குட்டி விற்பனைக்கும் வீட்டு வேலைக்கு ஆள் தேவை என்பதற்கும் நடுவே இப்படி ஒரு விளம்பரம் வருகிறது. சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற அந்தச் சிற்றூரில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்த வீடு ஒன்றுகூட இல்லை. ஏதோ விருந்து விளையாட்டு என்று எண்ணிக்கொண்டு, ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு, மாலையில் எல்லாரும் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். கடிகாரம் அரை மணி அடித்ததும் விளக்கு அணைகிறது. கதவு திறந்து டார்ச் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. கையைத் தூக்கச் சொல்லி ஒரு குரல், அடுத்து துப்பாக்கிச் சத்தம். வெளிச்சம் வந்தபோது அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இளைஞன் செத்துக் கிடக்கிறான்.

அகதா கிறிஸ்டி 1950இல் வெளியிட்ட 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' நாவலின் தொடக்கம் இது. பிபிசி இதை மூன்று பகுதிகளாக எடுத்து, 1985 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலுமாக ஒளிபரப்பியது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் துப்பறியும் தொடர்களின் ரசிகர்கள் இதைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். துப்பறியும் கிராமத்து மூதாட்டி மிஸ் மார்பிளாக வரும் ஜோன் ஹிக்சனின் நடிப்புதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி ரேஷன் அட்டையிலும் வெண்ணெயிலும் நிலக்கரியிலும் இருக்கிறது என்பது என் கட்சி. கொலையாளி யாரென்று சொல்லாமலே இதை எழுதிவிடலாம். ஆனால் வேறு சில திருப்பங்களைத் தொடாமல் முடியாது. முழுதும் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் தொடரைப் பற்றி. மிஸ் மார்பிள் வரும் நாவல்கள் மொத்தம் 12. அவை அனைத்தையும் 1984 டிசம்பரிலிருந்து 1992 டிசம்பர் வரை, ஒரே நடிகையை வைத்து, பிபிசி எடுத்து முடித்தது. முதல் கதை ஒளிபரப்பானபோது ஹிக்சனுக்கு வயது 78. அதற்கு முன் அவர் நட்சத்திரம் இல்லை. வேலைக்காரி, நர்ஸ், வீட்டு உரிமையாளர் என்று சிறு பாத்திரங்களில் வந்து போகிறவர். 1961இல் மார்கரெட் ரூதர்ஃபோர்டு மார்பிளாக நடித்து வந்த திரைப்படத்தில்கூட ஹிக்சனுக்கு வீட்டு வேலை செய்யும் பெண்மணி வேடம்தான். ஆனால் கிறிஸ்டியின் கண்ணில் அவர் முன்பே பட்டிருந்தார். 1945இல் லண்டனில் நடந்த கிறிஸ்டியின் நாடகம் ஒன்றில் ஹிக்சன் நடித்தார். ஒருநாள் நீங்கள் என் மார்பிளாக நடிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் கிறிஸ்டி அவருக்கு எழுதினார். அது நடந்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை, 1976இல் இறந்துவிட்டார்.

நாவலுக்குத் திரும்புவோம். இங்கிலாந்தின் கிராமத்துக் கொலைக் கதைகள் என்றதும் ரோஜாத் தோட்டம், தேநீர், பாதிரியார், நூலகத்தில் பிணம் என்ற படம் மனதில் வந்துவிடும். கிறிஸ்டியின் முதல் மார்பிள் நாவல் வந்த 1930இல் அந்தப் படம் ஓரளவு பொருந்தும். 1950இல் பொருந்தாது. நடுவே ஒரு போர் வந்து போயிருந்தது. போரில் ஜெயித்த நாட்டில் மக்கள் இன்னும் உணவுக்கு வரிசையில் நின்றார்கள். போர்க்காலத்தில்கூடக் கட்டுப்பாடில்லாமல் கிடைத்த ரொட்டியை, போர் முடிந்தபின் 1946இல் ரேஷனில் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தது. சர்க்கரைக்கான கட்டுப்பாடு 1953 வரையும் இறைச்சிக்கானது 1954 ஜூலை வரையும் நீடித்தன. 1947 குளிர்காலத்தில் நிலக்கரிப் பஞ்சம் நாட்டையே முடக்கியது. பெரிய வீட்டுக்காரர்களுக்கு வேலையாட்கள் கிடைக்கவில்லை. அந்தப் பத்திரிகையில் வீட்டு வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரங்கள் குவிந்திருப்பது கிறிஸ்டி வேடிக்கைக்காகச் சேர்த்தது அல்ல.

இந்தத் தட்டுப்பாட்டை அவர் கதையின் பின்னணியாக மட்டும் விட்டுவைக்கவில்லை. கொலைக்கான வழியையே அதில் இருந்துதான் எடுக்கிறார்.

உதாரணமாக வெண்ணெய். ஊரில் ஒரு பண்ணையில் வாரத்தில் ஒருநாள் வெண்ணெய் கடைவார்கள். வேண்டியவர்களுக்கு அதில் கொஞ்சம் போகும். வாங்குகிறவர் பதிலுக்குக் காயோ முட்டையோ தேனோ கொடுப்பார். சட்டப்படி தவறு, ஊர் வழக்கப்படி நியாயம். அதனால் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், கொண்டுவந்ததை வைத்துவிட்டு வருவது அன்றாட நடப்பு. கதவுக்குப் பூட்டு கிடையாது. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் கிராடக், நீங்கள் அந்த வீட்டுக்கு எப்போது கடைசியாகப் போனீர்கள், எதற்குப் போனீர்கள் என்று கேட்கிறார். சாட்சிகள் நெளிகிறார்கள். போலீஸ்காரரிடம் வெண்ணெய் விவகாரத்தை எப்படிச் சொல்வது? கொலையை மறைக்கிறார்கள் என்று நாம் சந்தேகிக்கும் முகங்களில் பாதி மறைப்பது கால் கிலோ வெண்ணெயை. துப்பறியும் கதையில் பொய்த்தடம் போடுவதற்கு இதைவிட மனிதத்தனமான வழியை நான் பார்த்ததில்லை. அதோடு, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கலாம் என்ற உண்மையும் கூச்சலில்லாமல் நம் மனதில் பதிந்துவிடுகிறது.

அடுத்தது வெப்பமூட்டி. கொலைக்கு அழைக்கப்பட்டு வருகிற விருந்தாளிகள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்ததும் ஏறக்குறைய ஒரே பேச்சைப் பேசுகிறார்கள்: இப்போதே வெப்பமூட்டியைப் போட்டுவிட்டீர்களா? நிலக்கரி கிடைக்காத காலத்தில் குளிர் தொடங்கும் முன்பே ஒரு வீடு கதகதப்பாக இருந்தால் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். நமக்கு அது அசட்டு உரையாடலாகப் படுகிறது, சிரிக்கிறோம். கடைசியில்தான் அந்த அசட்டுப் பேச்சு ஒரு சாட்சியம் என்று தெரிகிறது. பொருளின் விலை தெரிந்தவர்கள் மட்டுமே கவனிக்கக்கூடிய துப்பு அது. 1950இல் நாவலைப் படித்தவர்களுக்கு அந்த விலை தெரியும். 1985இல் பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் தொடரை எடுத்தவர்களுக்கு அந்தக் குளிரையும் பற்றாக்குறையையும் திரையில் உணர்த்திக் காட்ட வேண்டிய பொறுப்பு இருந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது அடையாள அட்டை. 1939இல் போர் தொடங்கியதும் பிரிட்டன் மக்கள் அனைவருக்கும் அடையாள அட்டை கொடுத்தது; 1952இல்தான் அதை ஒழித்தது. சாதாரணக் குடிமகனின் அட்டையில் பெயர், முகவரி, எண் உண்டு, புகைப்படம் கிடையாது. ரேஷன் புத்தகத்திலும் படம் இல்லை. நம்மூரில் ரேஷன் கார்டே ஆளுக்கும் முகவரிக்கும் சாட்சியாக இருந்த காலத்தை நினைத்துக்கொண்டால் இதன் ஓட்டை எவ்வளவு பெரியது என்று புரியும். அட்டை கையில் இருக்கிறவர்தான் அட்டையில் உள்ளவர். குண்டுவீச்சில் ஆவணங்கள் எரிந்துபோயின, குடும்பங்கள் சிதறின. ராணுவத்தைவிட்டு ஓடியவர்கள் போர் முடிந்தபின்னும் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது 1953இல்தான். இப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டு ஒரு கிராமத்தில் குடியேறினால் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

மிஸ் மார்பிள் இன்ஸ்பெக்டரிடம் சொல்வது இதைத்தான். முன்பெல்லாம் ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்தால், ஏற்கெனவே தெரிந்த யாரோ ஒருவரின் அறிமுகக் கடிதம் கூடவே வரும். அவருடைய சித்தப்பாவையோ படைப்பிரிவையோ அறிந்தவர் ஒருவராவது ஊரில் இருப்பார். இப்போது பெரிய வீடுகள் கைமாறிவிட்டன. எங்கிருந்தோ வருகிறார்கள், தங்குகிறார்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான். அப்படி வந்தவர்களின் பட்டியலில் இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். கதையில் வரும் கர்னல் ஈஸ்டர்புரூக் இந்தியாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர். வாய் திறந்தால் அந்த அனுபவம்தான். 1947க்குப் பிறகு அவரைப் போன்றவர்கள் இங்கிலாந்துக் கிராமங்களில் வந்து குவிந்தார்கள். அவருடைய கடந்த காலத்தைச் சரிபார்க்க வேண்டிய அலுவலகம் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு நாட்டில் இருக்கிறது. நமக்குச் சுதந்திரம் வந்தது சிப்பிங் கிளெக்ஹார்னில் ஒரு சந்தேக நபரை உருவாக்கியிருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும் விஷயம்.

இப்போது தொடர் இவற்றை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். திரைக்கதை ஆலன் பிளேட்டர், இயக்கம் டேவிட் கைல்ஸ். பிளேட்டர் நாடகக்காரர், ஜாஸ் இசைப் பைத்தியம், சாதாரண மனிதர்கள் வெட்டிப்பேச்சு பேசுவதை எழுதுவதில் கெட்டிக்காரர். கொலைக்கதைக்கு அவரை அழைத்தது நல்ல யோசனை. இந்தக் கதையில் துப்புகள் எல்லாமே வெட்டிப்பேச்சில்தான் இருக்கின்றன. முதல் பகுதியில் பத்திரிகை வீடுவீடாகப் போய்ச் சேரும் காட்சியைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதே விளம்பரம் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு வீட்டின் பேச்சும் வேறு. மகனை நச்சரிக்கும் தாய், மனைவிக்கு உலகம் சொல்லித்தரும் கர்னல், பன்றிக்கும் கோழிக்கும் நடுவே வாழும் இரண்டு பெண்கள், சிரித்த முகமான பாதிரியார் மனைவி. ஒரு டஜன் பேரை இப்படிப் பிரித்து அறிமுகப்படுத்திவிட்டு, மாலையில் எல்லாரையும் ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்தும்போது நமக்குக் குழப்பமே இல்லை. விளக்கு அணைந்தாலும் யார் எங்கே நின்றார் என்று தெரியும் என்று நினைக்கிறோம். நினைக்க வைப்பதுதான் சூது.

இதற்கு நேரம் வேண்டும். மொத்தம் இரண்டரை மணி நேரம் இருந்ததால் முடிந்தது. இதே நாவலை 2005இல் பிரிட்டனின் இன்னொரு தொலைக்காட்சியான ஐடிவி, ஜெரால்டின் மெக்யூவனை மார்பிளாக வைத்து ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தது. ஸோயி வனமேக்கர் போன்ற அருமையான நடிகர்கள் இருந்தும் கதை மூச்சுவாங்க ஓடுகிறது. வெண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக அங்கே யாருக்கும் பொழுதில்லை. இன்னும் பின்னால் போனால், 1956இல் அமெரிக்காவின் என்பிசி இதே கதையைத்தான் நேரடி நாடகமாக எடுத்தது. மார்பிள் முதன்முதலாகத் திரையில் தோன்றியது அதில்தான். பாடகி கிரேசி ஃபீல்ட்ஸ் நடித்தார். பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த, அப்போது அவ்வளவாக அறியப்படாத ரோஜர் மூரும் அதில் உண்டு.

படப்பிடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்நாள் பிபிசி நாடகங்களில் வீட்டுக்குள் நடப்பது ஸ்டூடியோ வீடியோவில் இருக்கும், வெளியே நடப்பது பிலிமில் இருக்கும். கதவைத் தாண்டினால் உலகமே நிறம் மாறும். மார்பிள் தொடரை முழுக்கப் பிலிமில் எடுத்தார்கள். மார்பிளின் சொந்த ஊருக்கு ஹாம்ப்ஷயரின் நெதர் வாலப். சிப்பிங் கிளெக்ஹார்னுக்கு டார்செட்டின் பவர்ஸ்டாக். இரண்டும் உண்மையான ஊர்கள். கல் வீடுகள், சரிவான சந்துகள், தாழ்ந்த கூரைகள். அறைகளுக்குள் பல காட்சிகளில் வெளிச்சம் போதாது. அது குறையல்ல, அந்த வீடுகள் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறந்தநாள் கேக் வரும் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லிட்டில் பேடக்ஸ் வீட்டின் சொந்தக்காரி மிஸ் பிளாக்லாக். அவரோடு வாழும் பள்ளித்தோழி டோரா பன்னருக்குப் பிறந்தநாள். நாவலில் அந்தக் கேக்குக்காக, அமெரிக்காவிலிருந்து வந்த டப்பா வெண்ணெய், கிறிஸ்துமஸுக்கு என்று எடுத்து வைத்த உலர்திராட்சை, ஒரு கட்டி சாக்லெட், ஒரு பவுண்டு சர்க்கரை எல்லாம் வெளியே வருகின்றன. ரேஷன் காலத்தில் இவற்றை ஒரே கேக்கில் கொட்டுவது ஒருவர்மீது வைத்த பிரியத்தின் அளவு. சுவை உயிரைக் கொன்றுவிடும் என்ற பொருளில் வீட்டுப் பையன் அதற்கு ஒரு பெயரும் வைக்கிறான். அந்த விருந்தை ஒட்டி இன்னொரு மரணம் நேர்கிறது. பிரியமும் கொலையும் ஒரே கையிலிருந்து வரமுடியுமா என்பதுதான் கதையின் அடியில் ஓடும் கேள்வி. அதைக் கிறிஸ்டி வசனத்தில் எழுதாமல் சமையல் பொருள்களில் எழுதியிருக்கிறார்.

டோரா பன்னராக ரெனே ஆஷர்சன். பேச ஆரம்பித்ததை முடிக்காத, பெயர்களில் தடுமாறும், நன்றியில் கண் கலங்கும் முதிய பெண். நாவலில் இவருடைய பேச்சில் சில துப்புகள் அச்சுப்பிழை போலவே தெரியும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. படிக்கிறவர் ஒரு நொடி நின்று, அச்சுக்கோத்தவரைத் திட்டிவிட்டு மேலே போய்விடுவார். திரையில் அந்த உத்திக்கு இடமில்லை, காதில் விழுந்துவிடும். ஆஷர்சன் தன் பேச்சு முழுவதையும் அப்படியொரு தடுமாற்றத்தில் வைத்துக்கொண்டதால் எந்தத் தடுமாற்றம் முக்கியமானது என்று நமக்குப் பிடிபடுவதில்லை. இந்தத் தொடரிலேயே மிகக் கடினமான வேலை அவருடையதுதான் என்பேன். ஹிக்சனுக்குக் கிடைத்த புகழில் கால்பங்காவது அவருக்குப் போயிருக்க வேண்டும்.

பன்றி வளர்க்கும் அந்த இரண்டு பெண்கள் ஹிஞ்ச்கிளிஃப், மர்கட்ராய்ட். ஒருவர் ஆண் உடை அணிந்து அதட்டுகிறவர், மற்றவர் அதட்டலுக்குப் பழகிச் சிரிக்கிறவர். இவர்களுடைய உறவுக்குக் கிறிஸ்டி ஒரு பெயரும் வைக்கவில்லை, ஊரும் வைக்கவில்லை. இவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள், அவ்வளவுதான். மர்கட்ராய்டாக ஜோன் சிம்ஸ். 'கேரி ஆன்' நகைச்சுவைப் படங்களில் பிரிட்டன் முழுக்கச் சிரிக்க வைத்தவர். அவரைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். இருவரும் கொலை நடந்த இரவை வீட்டிலேயே நடித்துப் பார்த்து, யார் எங்கே இருந்தார் என்று கணக்குப் போடும் காட்சி உண்மையிலேயே சிரிப்பாகத்தான் தொடங்குகிறது. மர்கட்ராய்டுக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வரும்போது ஹிஞ்ச்கிளிஃப் அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அப்புறம் நடப்பதைப் பார்த்தபின் சிரித்ததற்காக வெட்கமாக இருக்கும். ஹிஞ்ச்கிளிஃபாக வரும் பாவோலா டியோனிசோட்டி அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. உடம்பு விறைத்துப்போகிறது, குரல் தட்டையாகிறது. துப்பறியும் கதைகளில் பிணங்கள் பெரும்பாலும் கணக்குகள்தான். இங்கே இழப்பு இழப்பாகவே வருகிறது.

எல்லாமே பாராட்டுக்கு உரியதல்ல. போரிலிருந்து தப்பி வந்த மத்திய ஐரோப்பியச் சமையல்காரி நாவலில் மிட்ஸி, தொடரில் ஹன்னா. தன் குடும்பம் கண்முன் கொல்லப்பட்டது என்று அவள் சொல்வதைக் கிறிஸ்டி ஏறக்குறைய நகைச்சுவையாக்குகிறார். பொய் சொல்கிறவள், மிகைப்படுத்துகிறவள் என்று எல்லாரும் அலுத்துக்கொள்கிறார்கள். போர் முடிந்து ஐந்தே ஆண்டில் எழுதிய வரிகள் இவை என்று நினைக்கும்போது வாயில் கசக்கிறது. தொடர் பெயரை மாற்றியதே தவிர, அந்தக் கேலியிலிருந்து முழுதாக விடுபடவில்லை. முடிச்சை அவிழ்க்க மார்பிள் நாவலில் போடும் பொறியும் கொஞ்சம் நம்ப முடியாத சர்க்கஸ்தான்.

அப்புறம் ஹிக்சன். ரூதர்ஃபோர்டின் மார்பிள் ஓடியாடுகிற, குதிரை ஏறுகிற, தாடையை ஆட்டுகிற மார்பிள். பார்க்கச் சுகமாக இருக்கும், கிறிஸ்டியின் பாத்திரம் அல்ல. ஹிக்சன் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. கம்பளி பின்னுகிறார், கேட்கிறார், தலையைச் சற்றே சாய்க்கிறார். வெளிர்நீலக் கண்கள் மட்டும் எதிரில் இருப்பவரைவிட்டு நகர்வதில்லை. இந்தக் கதையில் அவர் வரும் விதமே அழகு. இறந்த இளைஞன், உடல்நலத்துக்காக ஊற்றுநீர் தேடி ஆட்கள் வரும் ஸ்பா ஊர் ஒன்றின் ஹோட்டலில் வரவேற்பாளன். அங்கே தங்கியிருந்த மார்பிளின் காசோலையில் அவன் எண்ணைத் திருத்திப் பணம் எடுத்திருக்கிறான். சில்லறைத் திருட்டு செய்கிறவன் துப்பாக்கியோடு வீடு புகுவானா என்று அவர் கேட்கிறார். மனிதர்களின் தவறுகளுக்கும் ஓர் அளவு உண்டு, அதைத் தாண்ட அவர்களுக்கு யாராவது காரணம் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கிராடக்காக வரும் ஜான் காஸில் இதைக் கேலி செய்யாமல் கேட்டுக்கொள்கிறார். முட்டாள் போலீஸ், புத்திசாலிக் கிழவி என்ற சலித்த விளையாட்டு இங்கே இல்லை.

ஹிக்சனின் மார்பிள் இனிமையானவர் என்று நினைக்கிறவர்கள் கடைசிப் பகுதியை இன்னொரு முறை பார்க்கலாம். இந்தக் கதையின் கொலையாளி அரக்கர் அல்ல. வாழ்க்கை தன்னை ஏமாற்றிவிட்டது என்ற மனக்குறை உடையவர். நல்லவர், ஆனால் பலவீனமானவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று நாவலில் மார்பிள் சொல்கிறார். முதல் தவறைச் செய்த பிறகு, அதைக் காப்பாற்றத் தான் விரும்பியவர்களையே பலி கொடுக்க வேண்டியதாகிறது. ஹிக்சனின் முகத்தில் அதற்கான இரக்கம் இருக்கிறது, தளர்வு இல்லை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பிரிட்டனில் கொலைக்குத் தூக்குத் தண்டனை 1965 வரை நடைமுறையில் இருந்தது. 1950இல் இந்த நாவலைப் படித்தவர்களுக்கு, கம்பளியைச் சுருட்டி வைத்துவிட்டு மார்பிள் ஒருவரின் பெயரைச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். மார்பிளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிறார்.